டிரம்பெட் பார்ட்டில் கை வைத்தது யார்

எனக்கு யாரையும் சட்டென்று நம்பத் தெரியாது. காய்கறிக்காரர் எடை போட்டால் நான் காயைப் பார்ப்பதில்லை, அவர் விரல் எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். அதனால், லேப்டாப்பில் நான் எழுதி வைத்த நோட்ஸ் மாறியிருந்தபோது அது தானாக மாறியிருக்கும் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

என் கணவர் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிக்கிறார். முன்வரிசை ஆள். அந்த செட்டுக்கு நோட்ஸ் எழுதிக் கொடுப்பது நான். எல்லா வாத்தியமும் சேர்ந்த முழுத்தாள் ஸ்கோர்; ஒவ்வொருவர் கைக்கும் போகும் தனித்தாள் பார்ட். சாப்ட்வேரில் இரண்டுக்கும் முடிச்சு போட்டிருக்கும். ஸ்கோரில் ஒரு சுரத்தை மாற்றினால் பார்ட்டும் மாறிவிடும். பார்ட்டில் கை வைத்தாலும் ஸ்கோர் மாறிவிடும்.

மணலூர்பேட்டையில் ஒரு பெரிய கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்குப் புதிதாக ஒரு மெட்டு போட்டேன். நடுவில் டிரம்பெட் மட்டும் தனியாக மேலே ஏறி, உச்சியில் நின்று இறங்கும். அவருக்காகவே ஆசை ஆசையாக எழுதியது. அச்செடுக்கத் திறந்தால், அந்த இடம் சாக்ஸபோனுக்குப் போயிருந்தது. டிரம்பெட்டுக்குக் கீழே நீளநீளமாக நாலு சுரம், ஒப்புக்கு.

திருத்தினேன். அடுத்த முறை திறந்தபோது மறுபடியும் சாக்ஸபோன்.

சந்தேகப்பட ஆள் தயாராக இருந்தார். சாக்ஸபோன்காரர் சின்னசேலத்திலிருந்து பஸ்ஸில் வருவார், பார்ட் வாங்கும் சாக்கில் லேப்டாப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். "டீ சூப்பர், அண்ணி" என்பார். என் டீயை அவ்வளவு புகழ்கிறவரை எப்படி நம்புவது? தனியாக வாசிக்கிறவர்தான் முன்வரிசையில் நிற்பார். அந்த இடம் போனால் என் வீட்டுக்காரர் பின்னால் போக வேண்டியதுதான். செட்டு ஓனர் தயவுதாட்சண்யம் பார்க்கிறவர் இல்லை.

"அந்தாளை லேப்டாப்பத் தொட வுடாதீங்க" என்றேன்.

"அவன் இன்னா பண்ணான்? சும்மா இரு" என்றார் இவர்.

அந்தப் பதிலும் எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பவும் திருத்திவிட்டு, பாஸ்வேர்டை மாற்றி இவரிடம் மட்டும் சொன்னேன். இரண்டு நாள் போகட்டும் என்று விட்டுத் திறந்தேன். மறுபடி மாறியிருந்தது.

"பாஸ்வேர்ட அவருகிட்ட சொல்லிட்டீங்களா?"

இவர் சட்டையை மாட்டிக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னார். "அவன் இல்ல. நான்தான் மாத்திக்கினு இருந்தேன்."

இதற்குக் கொஞ்ச நாள் முன்பு கல்வராயன் மலையில் ஒரு திருவிழாவுக்கு வாசித்துவிட்டு இறங்கும்போது வண்டி சறுக்கி இவருக்கு முன்பல் போனது. பல் கட்டியாகிவிட்டது, சரியாகிவிட்டது என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார். கட்டின பல்லில் உதடு அழுந்தி நிற்கவில்லையாம். மேலே போனால் வெறும் காத்துதான் வருகிறதாம். ஓனருக்குத் தெரிந்தால் ஆளையே மாற்றிவிடுவார். நானே அப்படி எழுதியதாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். அவர் அழித்த உச்சியை நான் ஒவ்வொரு முறையும் திரும்ப எழுதி வைத்திருக்கிறேன்.

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"நீ அவ்ளோ ஆசையா எழுதிக்கினு இருந்த."

"வேற யாருக்குத் தெரியும்?"

"அவனுக்கு. பக்கத்துல நின்னு வாசிக்கிறான், தெரியாதா?"

கட்டின பெண்டாட்டிக்கு முன்னால் அந்தச் சின்னசேலத்துக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. அழுகை வந்தது, கோபமும் வந்தது. இவரை டிரம்பெட்டை எடுக்கச் சொன்னேன். எது வரைக்கும் ஏறுகிறது என்று வாசிக்க வைத்துக் கேட்டேன். பிறகு அந்த இடத்தை டிரம்பெட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, மொத்த மெட்டையும் ஒரு கட்டை இறக்கினேன். எல்லா பார்ட்டும் கூடவே இறங்கின.

ஒத்திகையில் இவர் உச்சியைப் பிசிறில்லாமல் பிடித்தார். ஆனால் ஓனருக்குக் காது கூர்மை.

"சுதி கம்மியா இருக்கே. யாரு எறக்கச் சொன்னது?" என்று என்னைப் பார்த்தார்.

நான் கையிலிருந்த தாள்களை அடுக்கினேன். இவர் பார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க அண்ணிகிட்ட கேட்டேன்" என்றார் சாக்ஸபோன்காரர். "எனக்கு மூச்சு பத்தல. மேல ஏற மாட்டேங்குது."

ஓனர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ நீ பின்னால போய் நில்லு" என்றார்.

அவர் தாளை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போனார்.