நான்காவது கலம்: மரத்தின் பெயர்

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற மரத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஸ்கூட்டருக்குக் கொட்டகை போடுவது என்று அப்பா முடிவு செய்தார். ஸ்கூட்டர் இன்னும் வரவில்லை. பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய எண்பதுகளின் தொடக்கம் அது. கொட்டகையாவது தயாராக இருக்கட்டும் என்றார்.

வெட்டுவதற்கு, குவார்ட்டர்ஸைப் பராமரிக்கும் எஸ்டேட் ஆபீசில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதில் நான்காவது கலம், மரத்தின் பெயர். காலியாக விட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். பிற்காலத்தில் நானே அப்படிப் பல விண்ணப்பங்களைத் திருப்பியவள் என்பதால் அந்த விதியைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்பா சேலத்துக்காரர். வேம்பும் புளியும் தவிர வேறு மரம் அறியாதவர். எதிர்வீட்டு மாமா பக்கத்து மேனாம்பேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். அவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"மகிழம்ப்பா இது. எங்க ஊட்டாண்ட ஒண்ணு கீது."

அப்பா பேனாவைத் திறந்தார். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல், மகிழம்பூ இத்தனை பெரிசாகவா இருக்கும் என்று கேட்டாள். பேனா மூடியது.

ஏழாம் வகுப்பு அறிவியலில் முதல் மதிப்பெண் வாங்கிய நான் பொறுப்பை ஏற்றேன். இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். நடு நரம்பின் இருபுறமும் சீப்புப் பல் போல நெருக்கமான கோடுகள். தடித்துப் பளபளக்கும் இலை, காம்பைக் கிள்ளினால் பால். வெள்ளைப் பூவின் நடுவே மஞ்சள் மகரந்தக் கொத்து. பெரிய கோலிக்குண்டு போலக் காய். எந்தப் பருவத்திலும் அது மொட்டையாக நின்று நான் பார்த்ததில்லை. பள்ளி நூலகத்துப் புத்தகத்தில் இத்தனையும் ஒரே பக்கத்தில் இருந்தன. புன்னை.

ஓடி வந்து சொன்னேன். அப்பா எழுதக் குனிந்தபோது அம்மா அருகில் வந்தாள்.

"ஏங்க, புன்னை கடக்கரையோரத்து மரமாச்சே. நான் பார்க்காத புன்னையா? இந்த மண்ணுல அது எப்படி வரும்?"

நாகப்பட்டினத்துக் கடலோரத்தில் பிறந்தவள் சொன்ன பிறகு அப்பீல் ஏது? விண்ணப்பம் மேசை இழுப்பறைக்குள் போனது. நான் சாப்பிடாமல் அழுதேன்.

மறுநாள் அம்மா மரத்தடியில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கொட்டை எண்ணெயிலதான் எங்க ஊர்ல விளக்கு எரியும்" என்று மரத்திடம் சொல்வதுபோலச் சொன்னாள். உதிர்ந்து கிடந்த பூ ஒன்றை எடுத்து என் பின்னலில் செருகினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு இலை நரம்பின் நுணுக்கம் எங்கே புரியப்போகிறது என்று, ஒரு வாரம் கழித்து, பெரிய மனது பண்ணி அவளை மன்னித்தேன்.