தாத்தாவுக்கு வைத்த சோறு

என் மகளுக்குச் சோறு ஊட்டும்போது நான் காக்கையைக் காட்டுவதில்லை. பூனையைக் காட்டுவேன், தெருவில் போகிற கைவண்டியைக் காட்டுவேன். காக்கையைக் காட்டினால் பிள்ளை சீக்கிரம் வாய் திறக்கும் என்று பக்கத்து வீட்டுச் சேச்சி சொல்கிறாள். இருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை. காட்டாமல் இருப்பதும் தப்போ என்று பிறகு யோசித்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு எட்டு வயதான அந்தக் கோடை விடுமுறையில் நாங்கள் மட்டாஞ்சேரியில், யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மிளகுப் பண்டகசாலையில் எடை போடுகிற வேலை. நான் பிறக்கும் முன்பே அப்பாவின் அப்பா சர்க்கரை வியாதியில் ஒரு பாதத்தை இழந்து, சில மாதங்களில் இறந்தும் போயிருந்தார். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கஞ்சியைத் தள்ளிவிட்டு, சோறு, சோறு என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். இதையெல்லாம் பெரியவர்கள் என் காதுபடப் பேசியிருக்க வேண்டாம்.

இப்போது அப்பாவுக்கும் அதே வியாதி. வலது குதிகாலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. சாப்பாட்டைக் குறைக்காவிட்டால் காலுக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா மூன்று முறை சபதம் எடுத்தார். முதல் முறை, சோற்றைக் கண்ணாலும் பார்ப்பதில்லை, கோதுமைக் கஞ்சி மட்டும் என்றார். பதினோராம் நாள் ஒரு சட்டி கப்பைக்கிழங்கும் மீன்கறியுமாக அது முடிந்தது. இரண்டாவது, பாகற்காய்ச் சாறு. அது அவ்வளவு நாள்கூடத் தாங்கவில்லை. மூன்றாவது சபதம் விஷு வருஷப் பிறப்பு அன்று காலையில் தொடங்கி, மதியம் பாயசம் வரைக்கும் நின்றது.

அதற்குப் பிறகு வீட்டில் சபதம் என்ற பேச்சே எழவில்லை. அம்மாவும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் தினமும் அப்பாவின் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தில் சோற்றை நிரப்பி, மூடுவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கொல்லை மதில்மேல் வைத்தாள். காக்கையைக் கூப்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். எங்கள் வீட்டில் அமாவாசைக்கு மட்டும்தான் காக்கைக்குச் சோறு. அதனால் கேட்டேன்.

"தாத்தாவுக்கு" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து அது இரண்டு பிடியானது. மறுபடியும் கேட்டேன்.

"இன்னும் பசிக்குதாம்" என்றாள், கையைக் கழுவிக்கொண்டே.

சும்மா சொன்னதுதான். நானும் இன்று அடுப்படியில் நின்றபடி மகளிடம் இப்படி எத்தனையோ சொல்கிறேன். எது அவள் மனத்தில் போய்த் தங்கும் என்று யாருக்குத் தெரியும்.

எடுத்த சோற்றின் இடத்தில் பயறும் முருங்கைக்கீரையும் வந்து உட்கார்ந்ததை நான் கவனிக்கவில்லை. சாயாவுக்குச் சர்க்கரை போடுகிற கரண்டி இரண்டு தடவை சின்னதானதையும் கவனிக்கவில்லை. நான் கவனித்தது காக்கையை. முதலில் வந்து இறங்குகிற காக்கைக்கு ஒரு பாதம் இல்லை. அது தின்று முடிக்கும்வரை மற்றவை ஓட்டின்மேல் காத்திருந்தன. அது ஒருநாளும் கரைந்ததில்லை. தின்றுவிட்டு, தலையைச் சாய்த்து, சமையலறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்பாவின் சட்டை தோளிலிருந்து தொங்கத் தொடங்கியது. வேட்டியை இறுக்கி இறுக்கிக் கட்டினார். அம்மா மூன்றாவது பிடியை எடுத்த அன்று எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தாத்தா அப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறார். அடுத்து அந்தக் காலைக் கேட்பார்.

பண்டகசாலைக்குச் சோறு கொண்டுபோவது விடுமுறையில் என் வேலை. மறுநாள் அம்மா உள்ளே திரும்பியதும், காக்கை இறங்குவதற்குள் மதிலில் இருந்த சோற்றை அள்ளிப் பாத்திரத்தில் திரும்பப் போட்டு, உள்ளங்கையால் அமுக்கி மூடினேன். ஒற்றைப்பாதக் காக்கை ஓட்டின்மேல் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. பறந்து வந்து கொத்தியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

நாலு நாள் இப்படிச் செய்தேன். ஐந்தாம் நாள் நான் போய்ச் சேர்ந்தபோது பண்டகசாலையின் பின்பக்கக் கூரையில் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தன. அப்பா பாத்திரத்தை வாங்கிக் கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். என்னை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, காயல் பக்கம் தனியாகப் போனார். சாக்கின்மேல் சாய்ந்திருந்த சுமைதூக்கும் சேட்டன் சிரித்தார்.

"மோளே, உன் அப்பன் இப்ப நம்மகூட உண்கிறதில்லை. காக்கைங்கதான் அவனுக்குக் கூட்டு."

சுக்கு மூட்டைகளுக்கு நடுவே நுழைந்து பின்வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். படகுத்துறைக் கல்லில் அப்பா உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தேக்கிலையில் சோறு. அதன் எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அந்த ஒற்றைப்பாதக் காக்கை. மதியச் சங்கு ஊதி அடங்கியிருந்தது. தண்ணீரில்கூடச் சத்தமில்லை.

"நீங்க சாப்பிடுங்க" என்றார் அப்பா, காக்கையிடம். "எனக்கு இவ்வளவு போதும்."

நாய்க்கும் மாட்டுக்கும் 'போ, வா' என்கிற அப்பா காக்கைக்கு மரியாதை கொடுத்துப் பேசியதைக் கேட்டதும் அது தாத்தாவேதான் என்று எனக்கு முடிவாகிவிட்டது. வெறும் பாத்திரத்தை வாங்க நிற்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மதில் சோற்றைத் திருப்பி வைத்தது, கூரையில் காக்கைகள் காத்திருந்தது, எல்லாம். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நீ வச்சதை அப்பா சாப்பிட்டாரா?"

"இல்ல. இலையில எடுத்து வச்சுத் தாத்தாவுக்குக் குடுத்துட்டாரு. போதும்னு சொன்னாரு."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அவளும் பயந்துவிட்டாள் என்று நினைத்து ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன்.

நாள் முழுக்க மிளகு நிறுக்கிற கைக்கு ஒரு பிடி குறைந்ததும் தெரிந்திருக்கும், அது திரும்பி வந்ததும் தெரிந்திருக்கும். சோற்றின்மேல் பதிந்திருந்த சின்னக் கையும் யாருடையது என்று தெரிந்திருக்கும். அப்பா அதைப் பற்றி அம்மாவிடம் பேசவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. மழைக்காலம் பாதி போனபோது குதிகால் புண் மூடியது. இன்றும் அப்பா அதே அளவுதான் சாப்பிடுகிறார். இதெல்லாம் எனக்கு விளங்கியது எவ்வளவோ காலம் கழித்து.

அன்றைக்கு விளங்கவில்லை. மறுநாள் மதியம், தாத்தாவுக்கு இன்னும் பசி இருந்தால் அப்பாவை விட்டுவிடட்டும் என்று, என் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து மதிலில் வைத்தேன். அம்மா பார்த்துவிட்டாள். அதை எடுத்து என் தட்டிலேயே திரும்பப் போட்டாள்.

"தாத்தாவுக்குப் பசி தீர்ந்துடுச்சு. நீ சாப்பிடு."

நம்பினேன். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றேன். நிமிர்ந்து பார்த்தபோது ஓட்டின்மேல் ஒற்றைப்பாதக் காக்கை அப்போதும் உட்கார்ந்திருந்தது. பசி தீர்ந்தவர் ஏன் இன்னும் போகவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.