மடித்துக் கொடுத்த விண்ணப்பம்

என் தங்கையிடம் ஒரு கையெழுத்தை ஏமாற்றி வாங்கினேன். எண்பதைத் தாண்டிவிட்டேன், இனியாவது எழுதிவைக்க வேண்டும்.

அப்போது அவள் மலைமேல் கரியாலூரில் நர்ஸ். நான் கள்ளக்குறிச்சியில் ஆங்கில ஆசிரியர். ஆஸ்திரேலியாவில் நர்சுகளுக்கு நிரந்தரமாகத் தங்க அனுமதி வாங்கித் தருவதாகச் சென்னையிலிருந்து ஒரு ஏஜெண்ட் வந்தார். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதிலேயே விழுந்துவிட்டேன். இரண்டு வருட அனுபவம் வேண்டும் என்றார். அவளுக்குப் பதினாலு மாதம்தான் ஆகியிருந்தது.

"ரெண்டுன்னே போட்டுடுங்க சார். மலையேறி யாரு பாக்கப் போறாங்க?"

போட்டேன், என் கையாலேயே. அந்த வரி தெரியாதபடி தாளை மடித்து அவளிடம் நீட்டினேன். அண்ணன் நீட்டியதைப் படித்துப் பார்க்கும் வழக்கம் அவளுக்கு இல்லை; கையெழுத்துப் போட்டாள்.

இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியல் ஓய்ந்து, பஸ் ஓடத் தொடங்கியதும் ஏஜெண்ட் மறுபடி வந்தார். தூதரக அதிகாரி காரில் வந்து எங்கள் வீட்டைப் பார்த்துத் திருப்தியடைந்தார் என்று, முத்திரை குத்திய அறிக்கை ஒன்றைத் தந்தார். யாரும் வரவில்லையே என்றேன். ரகசிய விசாரணை, சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள் என்றார். திங்கட்கிழமை அவர் தங்கியிருந்த லாட்ஜில் விண்ணப்பத்தையும் அவளுடைய அசல் சான்றிதழ்களையும் ஒப்படைக்க வேண்டும். அவை போனால் அவள் படித்த படிப்புக்கே அத்தாட்சி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் வந்தவளிடம் அறிக்கையைப் பெருமையாகக் காட்டினேன். தேதியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"ண்ணா, அன்னிக்கு நான் கச்சிராயபாளையத்துலருந்து நடந்தே வந்தேன். மறியல்ல ரோடு முழுக்க புளியமரத்த வெட்டிப் போட்டிருந்தாங்க. சைக்கிளையே தூக்கிக்கினு போனாங்க. இவரு கார்ல வந்தாராமே?"

"வேற வழியா வந்திருப்பாரும்மா."

"எந்த வழியா? பறந்தா?"

பிறகு விண்ணப்பத்தைக் கேட்டாள். மடிப்பைப் பிரித்துப் படித்தாள். சிரிப்பு நின்றது.

"இது யாரு எழுத்துண்ணா?"

"என்னுதுதான்."

நாலாகக் கிழித்தாள். என் ஆயுளில் வாங்கிய அடி அதுதான்.

திங்கட்கிழமை லாட்ஜுக்கு அவளே வந்தாள், வெறுங்கையோடு. வாசல் டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி ஏஜெண்டிடம் கேட்டாள்:

"அதிகாரி எந்த ரோட்டுல வந்தாருங்க?"

"சேலம் ரோட்டுலம்மா."

டீக்கடையே சிரித்தது. "அந்த ரோட்ட மறிச்சதே நாங்கதான் சார்! எங்களத் தாண்டி எப்டி வந்தாரு?" என்றார் ஒருவர். ஏஜெண்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார். அதன்பிறகு ஊர்ப்பக்கம் வரவில்லை.

அவள் தூதரகத்துக்குத் தானே கடிதம் எழுதினாள். வீட்டுக்கு யாரையும் அனுப்பவில்லை, விண்ணப்பிக்க இடைத்தரகர் தேவையில்லை, பொய்த்தகவல் தந்தால் அனுமதி மறுக்கப்படும் என்று பதில் வந்தது. என் கையால் அவளுக்கு வெட்டவிருந்த பள்ளம் எவ்வளவு ஆழம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மலையிலேயே இருந்து இரண்டு வருடத்தை உண்மையாகவே முடித்தாள். பிறகு விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியையும் அவளே எழுதினாள்.

அனுமதிக் கடிதம் வந்த அன்று மலை பஸ்ஸில் இறங்கியவள், பஸ் ஸ்டாண்டிலேயே உறையை என் கையில் வைத்தாள். நான் வாய்விட்டு அழுதேன்.

"அழுவாத. இத மடிக்காம படிண்ணா," என்றாள்.

சத்தமாகப் படித்தேன், கடைசி வரி வரை.