இறங்கத் தெரியும், ஏறத் தெரியாது

ராஜபாளையத்தில் சைக்கிளில் இருந்து விழாமல் இறங்கக் கற்றுக்கொண்ட முதல் ஆள் நான்தான். இல்லை என்கிறவன் என் முன்னால் வரட்டும். இரண்டாம் வகுப்பைத் தாண்டாத நான் பிற்பாடு சொந்தமாகப் பஞ்சுக் கிட்டங்கி வைத்தேன், அதுவும் ஊரறியும். ஆனால் அந்த மூன்று நாளில் நடந்தது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எழுதினாலாவது விளங்குமா என்று பார்க்கிறேன்.

அப்போது எனக்கு இருபது வயது. ஒரு பஞ்சு வியாபாரியிடம் பொதி தூக்கிக்கொண்டிருந்தேன். அன்றன்றைய விலையை எழுதி, காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த தன் கூட்டாளிக்கு அவர் கடுதாசி அனுப்புவார். அதைக் கொண்டுபோக ஓர் ஓட்டக்காரர் இருந்தார். நாற்பது வயது, ஒல்லி உடம்பு, பேச்சு குறைவு.

முதலாளி மதுரையில் ஏலத்தில் ஒரு சைக்கிள் எடுத்து வந்தார். ஏறின அன்றைக்கே முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு, பிறகு அதன் பக்கமே போகவில்லை. நான் கிட்டங்கி முற்றத்தில் ஓட்டிப் பழகினேன். ஏறுவதற்குப் பின்சக்கரத்து அச்சில் ஒரு மிதி இருந்திருக்கிறது. எங்களிடம் வரும்போதே அது ஒடிந்துபோயிருந்தது. வேறு விதமாக ஏறக் காட்டித்தர ஊரில் ஆள் இல்லை, அதனால் படிக்கல்லில் கால் ஊன்றித்தான் ஏறுவேன். இறங்குவது மட்டும் அம்புட்டுச் சுத்தம். வண்டி ஓடும்போதே வலது காலைப் பின்னால் சுழற்றிக் குதித்தால், தரைக்கே தெரியாது.

அதைப் பார்த்த முதலாளி ஒரு பந்தயம் வைத்தார். என்னிடமும் ஓட்டக்காரரிடமும் ஆளுக்கொரு கடுதாசி, இரண்டிலும் எழுத்து ஒன்றுதான். முதலில் கொண்டுபோய்க் கொடுக்கிறவனுக்கு இனி அந்த வேலை. தோற்றால் எனக்குப் பொதி இருந்தது. ஓட்டக்காரருக்கு வேறு பிழைப்பு இல்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

ஐப்பசி மழையில் வண்டிப்பாதைப் பாலம் போய்விட்டதால், கண்மாய்க் கரையும் வயல்காடும்தான் வழி. முதல் வாய்க்கால்வரை அவர் எனக்கு வெகுதூரம் பின்னால். நான் குதித்தேன், சைக்கிளைத் தோளில் போட்டேன், தண்ணீரைத் தாண்டினேன். எல்லாம் ஒரே வீச்சில். அக்கரையில் இறக்கிவைத்துச் சுற்றிப் பார்த்தால் ஏறுவதற்கு ஒரு கல் இல்லை. எங்கு பார்த்தாலும் சேறு. கல் தேடித் தள்ளிக்கொண்டு போனேன். அவர் என்னைத் தாண்டி ஓடினார். கண்மாய்த் தண்ணீர் வழியும் கலுங்கில் நட்டுவைத்த கற்களைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது. ஏறி மிதித்து அவரை முந்தினேன். முந்தி என்ன, எதிரே முள்படல். மறுபடி இறக்கம், தூக்கல், கல் இல்லை.

இந்தத் தடவையும் அவர் தாண்டிப் போனார். பத்தடி போனவர் நின்றார். திரும்பி வந்து சைக்கிளின் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஏறுலே."

"அண்ணாச்சி, நீங்க போங்க."

"ஏறுலேங்கேன். பிடிச்சிருக்கேன்லா."

ஏறினேன். அப்புறம் வழி நெடுக இதுதான். ஓட்டத்தில் நான் முந்துவேன், தடங்கலில் இறங்குவேன், அவர் வந்து பிடிப்பார். "இந்தக் கழுதைக்கு எம்புட்டுப் பேருலே ஊழியம் பாக்கணும்?" என்று ஒருமுறை முனகினார். கடைசி ஓடையில் அவர் வருவதற்காக நான் காத்து நின்றேன். பந்தயத்தில் எதிராளிக்குக் காத்து நின்றவனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அதற்கப்புறம் கெட்டித் தரை. பறந்தேன். அவர் வந்து சேர்ந்தபோது நான் கடுதாசியைக் கொடுத்துவிட்டுப் பாதிச் செம்புத் தண்ணீர் குடித்திருந்தேன்.

ஊர் திரும்பியதும், வேலை எனக்கு என்றார் முதலாளி. பிடித்துவிட்ட கதையை நான் சொல்லவில்லை, ஓட்டக்காரரும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் தனியாகப் போனேன். முதல் வாய்க்காலைத் தாண்டி நின்றேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. வருவார் என்று எந்தக் கணக்கில் பார்த்தேனோ. வெறி வந்துவிட்டது. தள்ளிக்கொண்டே ஓடி, ஓட்டத்திலேயே தாவினேன். விழுந்தேன். தாவினேன், விழுந்தேன். முட்டியெல்லாம் சேறும் ரத்தமும். ஏற வந்துவிட்டது, ஆனால் கடுதாசி போய்ச் சேரும்போது உச்சிப்பொழுது. கூட்டாளி பழைய விலைக்கே சரக்கை விற்று முடித்திருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். முந்தாநாள் அம்புட்டு வேகமாகப் போனவன் நேற்று ஏன் பிந்தினேன் என்று கேட்டார். எனக்குப் பொய் நிறைய வரும். அன்றைக்கு வரவில்லை, நடந்ததைச் சொன்னேன். அவர் ஓட்டக்காரரைப் பார்த்தார்.

"உம்ம சோத்துல மண்ணுன்னு தெரிஞ்சுமாவே பிடிச்சுவிட்டீரு?"

"நடுக்காட்டுல திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நிக்கான். பார்த்துட்டு எப்படிப் போறது, முதலாளி?"

முதலாளி என் பக்கம் திரும்பி, இப்போது கல் இல்லாமல் ஏறுவாயா என்றார். ஏறுவேன் என்றேன். அப்படியானால் இனி யார் போவது, நீயே சொல் என்றார்.

எதைக் கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்கிறவன் நான். அன்றைக்குக் குனிந்து என் முட்டிப் புண்ணைப் பார்த்தேன். அதற்குள் ஓட்டக்காரர் மேசையிலிருந்த கடுதாசியை எடுத்து மடியில் செருகிக்கொண்டு வெளியேறிவிட்டார். சைக்கிள் வாசலில்தான் நின்றது. தாவி ஏறியிருந்தால் செத்த நேரத்தில் பிடித்திருப்பேன். நான் உள்ளே போய்ப் பொதியைத் தூக்கினேன்.