செல்லியின் மூக்கு

காரிமங்கலம் சந்தையில் ஆடு விற்கும் ராமக்காளுக்கு, ஓரகத்தி செல்லியைக் கண்டாலே வயிற்றெரிச்சல். இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்பார்கள். ஆடும் ஒரே பட்டி ஆடுதான். ஆனால் வருகிற வியாபாரி நேரே செல்லியிடம்தான் போவான். மூக்கும் முழியுமாக இருப்பவளிடம் பேரம் பேசத்தான் எவனுக்கும் பிடிக்கிறது என்பது ராமக்காளின் கட்சி. ராமக்காளின் மூக்கோ நடுவில் பள்ளம் விழுந்து உட்கார்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்பு மாடு முட்டியதால் வந்த வினை. பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனதை அவள் இன்னும் மறக்கவில்லை.

போன சந்தையில், வாங்க வந்தவருக்கு ஒரு கிடாவின் பல்லைக் காட்டுவதற்காகச் செல்லி குனிந்து அதன் வாயைப் பிளந்தாள். கிடா தலையை ஒரு தூக்குத் தூக்கி அவள் மூக்கில் இடித்தது. செல்லியின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. மூக்கை அழுத்திப் பிடித்து உட்கார்ந்ததும் நின்றுவிட்டது. பாவப்பட்டு அந்த ஆள் பேரமே பேசாமல் கிடாவை ஓட்டிக்கொண்டு போனார். அடிபட்டாலும் இவளுக்குத்தான் வியாபாரம் என்று ராமக்காள் பல்லைக் கடித்தாள்.

மறுநாள் போய்ப் பார்த்தால், செல்லி நொச்சித் தழை போட்டு ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சளிதான்க்கா. ரெண்டு பக்கமும் அடைச்சிக்கிச்சி. சிந்துனா ஒண்ணும் வரல. நெத்தி வரைக்கும் தெறிக்குது."

ராமக்காளுக்கும் மாடு முட்டி ரத்தம் நின்ற மறுநாள் இப்படித்தான் அடைத்தது. வீட்டில் சளி என்று இதே தழையைப் போட்டுப் போர்வையால் மூடினார்கள். பிறகு காய்ச்சல், சீழ். கடைசியில் மூக்குத் தண்டே உட்கார்ந்தது.

செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். மூக்கின் நடுச்சுவர் இரண்டு பக்கமும் நாவல்பழம் மாதிரி கருஞ்சிவப்பாக வீங்கி, துளையை அடைத்திருந்தது.

பேசாமல் போய்விட்டால் போதும். இவள் மூக்கும் பள்ளமாகும். அப்புறம் வியாபாரி யாரிடம் போவான், பார்க்கலாம். கொஞ்ச நேரம் அந்த நினைப்பு இனிக்கத்தான் செய்தது.

"அடுப்ப அணைடி! பொடவய மாத்து, தருமபுரிக்குப் போலாம்," என்று எரிந்து விழுந்தாள்.

"சளிக்கு எதுக்குக்கா தருமபுரி?"

"சளியா? என் மூக்கப் பாருடி."

செல்லி பார்த்தாள். எழுந்து அடுப்பை அணைத்தாள்.

"உள்ளுக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு," என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. "குருத்தெலும்புக்கு மேல இருக்கிற சவ்வு வழியாத்தான் சத்து போகும். நடுவுல ரத்தம் பூந்து ரெண்டையும் பிரிச்சிடுச்சு. இப்படியே விட்டா சீழ் பிடிச்சு மூக்கு உக்காந்துடும்."

மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். மறுபடி சேராமலிருக்க இரண்டு பக்கமும் துணி வைத்து அடைத்தார்கள்.

துணியை எடுத்த அன்று செல்லியின் மூக்கு பழையபடி நிமிர்ந்து நின்றது. டாக்டரம்மா ராமக்காளின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"உங்களுக்கும் அடிபட்டுச்சாம்மா? அப்பவே யாராச்சும் கூட்டிட்டு வந்திருந்தா உங்க மூக்கும் தப்பிச்சிருக்கும்."

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் செல்லி அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ராமக்காளுக்கு வயிறு எரிந்தது. இவளைக் கூட்டிக்கொண்டு வர ஒருத்தி இருந்தாளே என்று எரிந்தது.