டாங்கி விளையாட்டில் அக்கா கட்டிய ஊர்

மஞ்சள் நிறக் கேசட் ஒன்று. அதை வீடியோ கேம் கருவியில் செருகி, டிவியைப் போட்டு, பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் மூன்று வரிகள் வரும். முதல் வரி ஒருவர் ஆடுவதற்கு. இரண்டாவது, இருவர் சேர்ந்து ஆடுவதற்கு. மூன்றாவது வரியைப் பெரும்பாலானவர்கள் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு விட்டிருப்பார்கள். அதில் ஆட்டம் கிடையாது. ஆடுகளத்தை நாமே கட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். செங்கல், இரும்பு, தண்ணீர், மரம், வழுக்குத் தரை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கலாம். கட்டியது எதுவும் தங்காது. மின்சாரம் போனால் போய்விடும்.

இப்போது என் பள்ளியில் வேலை பார்க்கும் இளம் ஆசிரியர்கள் மதிய இடைவேளையில் வீடியோ கேம்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எதில் கதை நன்றாக இருக்கிறது, எதில் காடும் மழையும் நிஜம்போலவே இருக்கின்றன என்று வாதாடுவார்கள். பழைய டாங்கி விளையாட்டும் சில நேரம் பேச்சில் வரும். உடனே சிரிப்பு வரும். "அதெல்லாம் ஒரு கேமா மேடம்?" என்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. அந்த மூன்றாவது வரியை ஒருவர் எப்படிப் பயன்படுத்தினார் என்று சொல்ல ஆரம்பித்தால், இடைவேளைக்குள் முடிகிற கதை இல்லை அது.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் எனக்கு முதல் வேலை கொல்லிமலையில் கிடைத்தது. மலையில் பெரக்கரை நாடு என்று சொல்கிற பகுதியில் ஒரு தொடக்கப்பள்ளி. ஆசிரியர்கள் நாங்கள் இருவர். தலைமையாசிரியர் காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் இறங்கிவிடுவார். எனக்கு அது முடியவில்லை. மலைப்பாதையின் எழுபது கொண்டையூசி வளைவுகளில் பத்தாவது வருவதற்குள் வாந்தி வந்துவிடும். அதனால் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டில் சின்ன அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்வருவேன். மற்ற நாட்களில் பள்ளி விட்டதும் மலையில் எனக்குப் பேச ஆள் கிடையாது.

வீட்டுக்கார அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் கணவர் மலைக்காரர். லாரியில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போவார். வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருக்கமாட்டார். அக்கா மலையில் பிறந்தவர் அல்ல. அடிவாரத்தில், காரவள்ளி தாண்டி மூன்றாவது நிறுத்தத்தில் இருக்கிற ஊர். சொந்த நிலம் வைத்து வெள்ளாமை செய்யும் குடும்பம். ஒன்பது வருடங்களுக்கு முன்னால் அந்த லாரிக்காரரோடு மேலே வந்துவிட்டார். அன்றே அவர் வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள். நடுவில் அவருடைய அப்பா இறந்த செய்திகூடப் பதினாறாம் நாள் கழிந்த பிறகு, ஒரு கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. மலைப் பெண்கள் அவரிடம் மரியாதையாகப் பேசுவார்கள். ஆனால் மிளகு உலர்த்தும்போதோ ராகி புடைக்கும்போதோ அவரைக் கூப்பிட்டு உட்காரவைக்க மாட்டார்கள். அவர்களுக்கு அவர் கீழ்நாட்டுக்காரி. குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

அந்தக் கருவியைச் சேலத்திலிருந்து வாங்கி வந்தவர் கணவர்தான். "பொழுது போகட்டும்னு வாங்கியாந்தாருங்க. நானென்ன சின்னப்புள்ளையா?" என்று அக்கா என்னிடம் சொன்னார். சொன்னபோது ஜாய்ஸ்டிக்கின் ஒயரை அவர் சுற்றி வைத்த விதத்திலேயே தெரிந்தது, அது தினமும் கை படுகிற பொருள் என்று.

மாலை நாலரைக்குப் பள்ளி விட்டு வந்தால் கறுப்பு டீ தருவார். பிறகு இருவரும் ஆடுவோம். மஞ்சள் டாங்கி அவருடையது, பச்சை என்னுடையது. திரையின் அடியில் நடுவில் ஒரு பறவைச் சின்னம், அதைச் சுற்றிச் செங்கல் சுவர். மேலேயிருந்து எதிரி டாங்கிகள் இறங்கி வரும். நமக்கு எத்தனை உயிர் மிச்சமிருந்தாலும் அந்தப் பறவையை ஒரு குண்டு தொட்டால் ஆட்டம் முடிந்தது. நான் முன்னேறிப் போய்ச் சுடுவேன். அக்கா பறவையை விட்டு நகரமாட்டார். சில நேரம் என் குண்டு தவறி அவர் மேல் பட்டுவிடும். கூட்டாளியின் குண்டு கொல்லாது. ஆனால் பட்ட டாங்கி கொஞ்ச நேரம் மினுக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். "ஏனுங்க டீச்சர், நம்மாளையே சுடறீங்களே!" என்று வாய்விட்டுச் சிரிப்பார். அந்த வீட்டில் நான் கேட்ட சிரிப்பு அந்த நேரத்துச் சிரிப்புதான்.

ஒருநாள் மழையால் பள்ளியை மதியமே விட்டுவிட்டு வந்தேன். அக்கா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் ஓடவில்லை. மூன்றாவது வரியைத் திறந்து கட்டிக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்ததும் சட்டென்று அணைத்துவிட்டார். அடுத்த வாரம் ஒருநாள் மறுபடி பார்த்தேன். அதே படம். கோலம்போல ஏதோ போட்டுப் பழகுகிறார் என்று நினைத்தேன். ஆனால் கோலத்தில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். இதில் பறவைக்கு மேலே ஒரு பக்கம் ஒரே ஒரு பச்சைக் கட்டம், மறுபக்கம் ஒரே ஒரு நீலக் கட்டம்.

"இதென்னங்க அக்கா?" என்று கேட்டேன்.

"எங்க ஊடுங்க."

பிறகு திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். பஸ் நிற்கிற ரோடு, சாம்பல் நிறத்தில். ரோட்டோரம் வெள்ளை இரும்புக் கட்டம், மாரியம்மன் கோயில். அங்கே திரும்பினால் வாய்க்கால். வாய்க்காலைத் தாண்டி மூன்று தென்னை. அப்புறம் வீட்டுக்கு முன்னால் அகலமான வாசல். வாசலுக்கு மேற்கே புளியமரம். அதன் அடியில்தான் அப்பா கட்டில் போட்டுப் படுப்பார். கிழக்கே கிணறு. அடியில், பறவை இருக்கிற இடம், வீடு.

"டெய்லியும் கட்டுவேனுங்க. கட்டி முடிச்சுட்டு டாங்கியில ஒரு வட்டம் சுத்திட்டு வருவேன். கரண்டு போச்சுன்னா போச்சு. நாளைக்கு மறுபடி." சொல்லிவிட்டு, சிரிக்கிற மாதிரி ஒன்றைச் சேர்த்தார். "ஆனா பாருங்க டீச்சர், இதுல ஊட்டை ஒடைக்கறவங்க எப்பவும் மேல மலையிலிருந்துதான் வாராங்க."

அன்றிலிருந்து அவர் என் முன்னாலேயே கட்டினார். நான் பக்கத்தில் நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பேன். எத்தனையோ முறை அந்தப் படம் கண் முன்னால் உருவாகி அழிந்தது. அவர் கணவரும் அதைப் பார்த்திருக்கிறார். ஒருமுறை அவர் லாரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, அக்கா உள்ளே இருக்கும் நேரம் பார்த்து என்னிடம் சொன்னார்: "அது என்ன படம்னு எனக்குந் தெரியும் டீச்சர். கேட்டா அழுதுடுவா. அதான் கேக்கறதில்ல."

அடுத்து வந்த ஒரு சனிக்கிழமை நான் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஊருக்குப் போகிற பஸ் காரவள்ளியைத் தாண்டியது. மூன்றாவது நிறுத்தத்தில் யாரோ இறங்க, நானும் இறங்கிவிட்டேன். யாரிடமும் வழி கேட்கவில்லை. கோயில் வந்தது, திரும்பினேன். வாய்க்கால் வந்தது, தாண்டினேன். மூன்று தென்னைகளும் நின்றன. வாழ்க்கையில் முதல்முறையாகப் போகிற ஊரில், கண்ணைக் கட்டிவிட்டாலும் நடந்திருப்பேன் போலிருந்தது.

வாசலுக்கு வந்ததும்தான் நின்றுவிட்டேன். புளியமரம் இல்லை. அடிமரம்கூட இல்லாமல் தோண்டி எடுத்து மண் போட்டு நிரப்பியிருந்தார்கள். வாசலின் நடுவே, வீட்டுச் சுவரிலிருந்து தென்னைகள் வரைக்கும், இடுப்புயரத்துக்கு ஒரு சுவர். பாகம் பிரித்துவிட்டார்கள் என்று பார்த்த உடனே தெரிந்தது. அக்காவுக்கு இரண்டு தம்பிகள். சுவரின் இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம்.

கிழக்குப் பக்கம், மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையிலிருந்து ஒரு வயதான அம்மா வெளியே வந்தார். அக்காவின் நெற்றி அப்படியே.

"ஆருங்க கண்ணு?"

கொல்லிமலையில் டீச்சராக இருக்கிறேன், போகிற வழியில் தண்ணீர் குடிக்கலாம் என்று வந்தேன் என்றேன். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். மலையில் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அவர் கை சொம்பைத் திருப்பி வாங்காமல் அப்படியே நின்றது. அடுத்த பாகத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்க குளிரு சாஸ்திங்களா?" என்று கேட்டார்.

"மார்கழியில மட்டும் கொஞ்சம் சாஸ்திங்க. மத்தபடி பழகிடுதுங்க."

"பழகிடுதுங்களா," என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. "போயிட்டு வாங்க சாமி."

மலைக்குத் திரும்பி நான் இதை அக்காவிடம் சொல்லவில்லை. சொல்வதானால் மரம் போனதைச் சொல்லவேண்டும், சுவரைச் சொல்லவேண்டும். அவர் தினமும் கட்டுகிற வீட்டை நான் இடிக்கவேண்டும். பத்து நாள் அப்படியே போயிற்று.

அப்புறம் ஒருநாள் கிழங்கு வேகவைத்த தண்ணீரை வடிக்கும்போது அக்காவுக்கு வலது கை வெந்துவிட்டது. துணி சுற்றியிருந்தார். மாலையில் ஜாய்ஸ்டிக்கை என்னிடம் தந்தார். "இன்னைக்கு நீங்க கட்டுங்க டீச்சர். உங்களுக்குத்தான் மனப்பாடமாயிருக்குமே." சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்து போனார். நான் கட்டினேன். ரோடு, கோயில், வாய்க்கால், தென்னை, கிணறு. வேகமாகக் கட்டினேன், விரல்கள் தாமாகவே போய்க்கொண்டிருந்தன. முடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

அக்கா வந்து நின்று பார்த்தார்.

"புளியமரத்தைக் காணோமே?"

அப்போதுதான் நானும் திரையைப் பார்த்தேன். மேற்கே கறுப்பாக வெற்றிடம். வாசலின் நடுவே, அரைச் செங்கல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நேராக ஒரு கோடு போட்டிருந்தேன்.

"நடுவுல இதென்னங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"போனீங்களா டீச்சர்?"

தலையாட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அறையைக் காலி செய்யச் சொன்னாலும் நியாயம்தான். அவர் டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கட்டுப்போடாத கையால் அந்த அரைச்செங்கல் கோட்டைக் கீழிருந்து மேலாகத் தடவினார். பிறகு கேட்டார்:

"செவுத்துக்கு எந்தப் பக்கம் எங்கம்மா இருக்காங்க?"

"கிழக்காலங்க. கொட்டாய்க்குப் பக்கத்து ரூம்ல." குளிரைப் பற்றிக் கேட்டதையும் சொன்னேன். அதற்குத்தான் அழுதார்.

கை ஆறியதும் ஒரு புதன்கிழமை அவர் கீழே போனார். கணவர் லாரியில் அழைத்துப்போகிறேன் என்றபோது, "நான் மட்டும் போறேனுங்க," என்றுவிட்டார். அன்று நான் பாடம் நடத்தவே இல்லை. பிள்ளைகளை எழுதவைத்துவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை பஸ்ஸில் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"உள்ள கூப்புடலீங்க. நானும் போகல. கொட்டாய்க்கிட்டயே நின்னோம். தம்பி பாத்துட்டு ஒண்ணுஞ் சொல்லாமப் போயிட்டான்."

"அம்மா என்னங்க சொன்னாங்க?"

"கடைசி பஸ்ஸு எத்தன மணிக்குன்னு கேட்டாங்க." சொம்பைக் கவிழ்த்து வைத்தார். "சீக்கிரமாப் போன்னு கேட்டாங்களா, இன்னும் எவ்வளவு நேரம் இருப்பேன்னு கேட்டாங்களான்னு தெரியலீங்க டீச்சர். வர்ற வழியெல்லாம் அதையேதான் யோசிச்சேன். எழுபதாவது வளைவு வந்தப்போ, எவ்வளவு நேரம் இருப்பேன்னுதான் கேட்டாங்கன்னு வெச்சுக்கிட்டேன்."

அதன்பிறகு அவர் அந்தப் படத்தைக் கட்டவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அடுத்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு பையில் மிளகும் மலைவாழைப்பழமும் எடுத்துக்கொண்டு மறுபடி கிளம்பினார். அவர் அம்மாவே சொல்லியனுப்பியிருந்தார், அன்று அப்பாவின் சாவைச் சொன்ன அதே கண்டக்டரிடம். அது நான் ஊருக்குப் போகாத சனிக்கிழமை. அக்கா தெருமுனை தாண்டும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். வீடு எனக்கு மட்டும் இருந்தது. நோட்டுகளைத் திருத்தி முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் டிவியைப் போட்டேன். பழக்கத்தில் இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, என் பச்சை டாங்கியின் ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்துக்கொண்டேன். மஞ்சள் டாங்கி பறவைக்குப் பக்கத்தில், தோன்றிய இடத்திலேயே நின்றது. அதை இயக்க ஆளில்லை. மேலேயிருந்து வந்த ஒன்று அதைச் சுட்டது. மறுபடி அதே இடத்தில் தோன்றியது, மறுபடி நின்றது. முன்னேறிப் போவதுதான் என் வழக்கம். அன்று திரும்பி வந்து அதன் முன்னால் என் டாங்கியை நிறுத்திக்கொண்டேன். அக்கா இந்நேரம் வாய்க்காலைத் தாண்டியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் மூன்றாவது உயிரும் போய், மஞ்சள் டாங்கி திரும்ப வராதபோது, ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டேன். பறவையை யாராவது வந்து சுடட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.