இராஜமாணிக்கத்தைக் கூப்பிடுங்க

“இதெல்லாம் வேணாம்பா. இராஜமாணிக்கத்தைக் கூப்பிடு. அவர் கட்டிக் காட்டட்டும்.” பெங்களூர் சிக்பேட்டைப் புடவைக் கடையில் பியாட்ரிஸ் மேடம் இப்படி அடம்பிடிப்பது இது ஏழாவது சனிக்கிழமை. விரித்துப் போட்ட பட்டுப் புடவைகளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்.

மேடம் எங்கள் விவேக் நகர்க்காரர், கல்லூரியில் சமூகவியல் பேராசிரியை. ஆணையும் பெண்ணையும் கடைத்தெரு எப்படியெல்லாம் ஆட்டி வைக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. “ஷேவிங் க்ரீம் விளம்பரத்துல பொண்ணு எதுக்குப்பா?” என்று மருந்துக்கடைக்காரரை மடக்குவார். கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். அதை உருவினால் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

அப்படி மாட்டியவர்தான் ஸ்ரீராம்புரத்து இராஜமாணிக்கம். இருபது வருடமாக இந்தக் கடையில் புடவை விற்றவர். பேன்ட் சட்டைக்கு மேலேயே சுற்றி, கொசுவம் பிடித்து, முந்தானையைத் தோளில் போட்டு அவர் திரும்பி நின்றால் கல்யாணப் பெண் வேறு புடவை கேட்க மாட்டாள். மேடம் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் போட்டோ எடுத்தார், ஞாயிறு பேப்பரில் எழுதினார். கடையின் பெயரை மறைக்கத் தெரிந்தவருக்கு அவர் முகத்தை மறைக்கத் தோன்றவில்லை.

“பொம்பளை வேஷம் கட்டிக் கடை மானத்தை வாங்கிட்டான்” என்று முதலாளி அவரை மாடிக் குடோனுக்கு மூட்டை பிரிக்க அனுப்பிவிட்டார். அட அநியாயமே! இருபது வருடம் அந்த வேஷத்தை வைத்துத்தானே ஐயா வியாபாரம் செய்தீர்? அப்போதெல்லாம் மானம் எங்கே போயிருந்தது? இராஜமாணிக்கம் குடியிருக்கும் தெருவிலும், “இன்னாக்கா, டூட்டிக்கா?” என்று கேலி.

“எழுதினது நான், பேர் வாங்கினது நான். மூட்டை தூக்குறது அவரா?” என்று மேடம் தன்மீதே எரிந்து விழுகிறார்.

இன்று எங்கள் பக்கத்து வீட்டுப் பிரிஜெட்டுக்குக் கல்யாணப் புடவை. என்னையும் சேர்த்துப் பதினொரு பெண்களை மேடம் திரட்டி வந்திருந்தார். “அவர் காட்டினா எடுப்போம். இல்லன்னா பக்கத்துக் கடைக்குப் போறோம்.” முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு மாடிக்கு ஆளனுப்பினார்.

தலையெல்லாம் சாக்குத் தூசியோடு இராஜமாணிக்கம் இறங்கி வந்தார். புடவைப் பக்கம் போகவில்லை. மேடத்தின் கொண்டையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“மறுபடி எழுதுவீங்களாம்மா?”

மேடம் பேனாவை உருவினார். நோட்டோடு சேர்த்து என் மடியில் போட்டார். பிறகு எழுந்து போய், புடவையின் தலைப்பை எடுத்து இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.